ரி.ஐ.டி. அழைத்தால் பிராந்தியச் செய்தியாளர் என்ன செய்வது? (இலங்கை)

வன்னிமேசை:

எங்கள் மாவட்டச் செய்தியாளர்களுக்கு ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கக் குறிப்பு ஒன்று தயாரிக்கிறோம். "கவனமாக இருங்கள்" என்கிற அறிவுரை வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும்.

நிலைமை இதுதான். காணி, புதைகுழி, நினைவேந்தல், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் இவற்றை எழுதுகிற அல்லது படம் பிடிக்கிற ஒருவருக்குப் பயங்கரவாத தடுப்பு மற்றும் விசாரணைப் பிரிவிலிருந்து (ரி.ஐ.டி. என்று நாம் சொல்வது) போன் வருகிறது. "நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்கோ, சின்ன வாக்குமூலம் ஒன்றுதான்." சில நேரம் உள்ளூர்ப் பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதிய துண்டைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். இது பழைய கதை என்று நினைக்கிறவர்களுக்கு: செம்மணிப் புதைகுழியைப் படம் பிடித்துவந்த புகைப்பட ஊடகவியலாளர் குமணன் அந்தப் பிரிவின் அளம்பில் (முல்லைத்தீவு) துணை அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டது 2025 ஓகஸ்டில்.

தெரிய வேண்டியவை: போகாமல் இருக்கலாமா? போனைக் கொண்டுபோவதா? வாக்குமூலத்தில் எதைப் பார்ப்பது? போனைப் பறித்தால் என்ன செய்வது?

புதுக்கடைக்காரன்:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின்படி (1979 இன் 15 ஆம் இலக்கம்) விசாரணை அதிகாரி ஒருவரை வரச்சொல்வதானால் எழுத்தில் கட்டளை கொடுக்க வேண்டும். போனில் சொல்வது அந்தக் கட்டளை ஆகாது. ஆனாலும் "எழுத்தில் தந்தால்தான் வருவன்" என்று முறுகிக்கொண்டு போனை வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் (1979 இன் 48) கைது செய்ய நீதவானின் பிடியாணை தேவையில்லை. அந்தக் கதவை நாமே திறந்துவிடக்கூடாது.

போனில் ஐந்து விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அழைக்கிறவரின் பெயர், பதவி, எந்த அலுவலகம், எந்த விடயம் பற்றி, சாட்சியாகவா சந்தேக நபராகவா. கடைசிக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்காது. கேட்டோம், பதில் இல்லை என்பதையே எழுதிவையுங்கள். பிறகு சட்டத்தரணி ஒருவர் மூலம் கடிதம் போகட்டும்: இன்ன திகதி, இன்ன நேரம் இன்ன இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது, என் கட்சிக்காரர் வரத் தயார், விடயத்தையும் திகதியையும் எழுத்தில் தரவும், வாக்குமூலம் தமிழில் பதியப்பட வேண்டும். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மனுப் போட்டால் முதல் இணைப்பு அந்தக் கடிதம்தான். துண்டு கொண்டுவந்தால் கையெழுத்து வைக்கும் முன் அதைப் படம் எடுங்கள்.

போகிற அன்று காலை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு (யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை) அறிவித்துவிட்டுப் போங்கள். அவசர இலக்கம் 1996.

இனி முக்கியமான இடம். எல்லோரும் போனைப் பற்றியே பயப்படுகிறார்கள். வழக்குகளைப் பார்த்தால் ஆளை விழுத்தியது பெரும்பாலும் கையெழுத்து வைத்த தாள்.

சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவில் அது செல்லும், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட பதவியில் உள்ளவர் முன்னிலையில் கொடுத்திருந்தால். விருப்பமில்லாமல் எடுத்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில்தான். ஜே.எஸ். திசைநாயகம் 2008 மார்ச்சில் கைதானார். 2006 இல் மாத இதழ் ஒன்றில் எழுதிய இரண்டு கட்டுரைகளுக்காகவும் அந்த இதழுக்குப் பணம் சேர்த்ததற்காகவும் 2009 ஓகஸ்டில் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்தது. பலாத்காரமாகப் பெற்றது என்று அவர் மறுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2010 இல் பொதுமன்னிப்பு வந்தது வேறு விடயம்.

ஆகவே அறையில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் எழுதிக்கொண்டிருக்கிறார். இடையில் உயர் அதிகாரி ஒருவர் வந்து உட்கார, புதுத் தாளில் முதலிலிருந்து தொடங்குகிறார்கள் என்றால் விடயத்தின் தன்மை மாறிவிட்டது என்று எடுங்கள். அந்த இடத்தில் "நான் சாட்சியா சந்தேக நபரா, என் சட்டத்தரணியுடன் பேச வேண்டும்" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியையும் வாக்குமூலத்தில் எழுதச் சொல்லுங்கள். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்தில் உங்கள் சார்பில் ஆஜராகலாம் என்று 2012 இல் விதிகளே வந்திருக்கின்றன. எழுதுகிற அறைக்குள் அவரை இருக்க விடுவது மட்டும் இன்னமும் அதிகாரியின் மனசைப் பொறுத்தது.

மொழி. பதிந்ததை வாசித்துக் காட்ட வேண்டும். எழுதிய மொழி விளங்காதவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். அவர் திருத்தவும் சேர்க்கவும் இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் மாலை ஆறு மணிக்கு, எல்லோருக்கும் களைத்துப்போன பிறகு, ஏழெட்டுத் தாளை நீட்டி "கையெழுத்து வைச்சிட்டுப் போகலாம்" என்பார்கள். வைக்காமல் வர முடியாத நிலை என்றால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் தமிழில் எழுதுங்கள்: "இது சிங்களத்தில் எழுதப்பட்டது. எனக்குத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தப்படவில்லை." திகதி, நேரம் போடுங்கள். தாளில் வெற்றிடம் இருந்தால் கோடு இழுத்து மூடுங்கள். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து, பக்க எண். வெளியே வந்ததும் நினைவில் உள்ள கேள்விகளை வரிசையாக எழுதிச் சட்டத்தரணிக்கு அனுப்புங்கள். அடுத்த நாளுக்குத் தள்ளிப்போட்டால் பாதி மறந்துபோகும்.

பூட்டுத்திறப்பு:

போன் பகுதி என்னுடையது.

திரைப் பூட்டு நான்கு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 சாத்தியம்தான். ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம். எழுத்தும் இலக்கமும் கலந்த பத்து எழுத்துக்குக் குறையாததே சரி. கோடு இழுத்துத் திறக்கிற முறையை விட்டுவிடுங்கள், கண்ணாடியில் விரல் தடம் தெரியும்.

அலுவலக வாசலுக்குப் போகும் முன் போனை முழுதாக அணையுங்கள். அணைத்துத் திரும்பப் போட்டு, ஒரு தடவையும் திறக்காமல் இருக்கிற போனில் பெரும்பாலான தரவு குறியாக்கத்தில் பூட்டியே கிடக்கும். காலையில் ஒரு தடவை திறந்துவிட்டுத் திரையை மட்டும் பூட்டிய போனில் திறவுகோல் நினைவகத்தில் இருக்கிறது. தரவு உறிஞ்சும் கருவிகளுக்கு அது எவ்வளவோ சுகம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். விரல் ரேகையையும் முகத் திறப்பையும் நிறுத்திவையுங்கள். விரலைப் பிடித்து வைக்க யாருக்கும் கடவுச்சொல் தேவையில்லை.

வட்ஸ்அப்பில் செய்தி குறியாக்கத்தில்தான் போகிறது. ஆனால் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகிற காப்புப் பிரதி நீங்கள் தனியாக ஓன் பண்ணாவிட்டால் அந்த முறையில் குறியாக்கம் ஆகாது. பலர் தவறுவது இங்கேதான். தகவல் தரும் மூலங்களோடு பேச சிக்னல், மறையும் செய்தி ஒரு வாரம். 2024 முதல் சிக்னலில் பயனர் பெயர் வைக்கலாம். மூலத்தின் போனில் உங்கள் இலக்கமே இருக்காது.

அன்ட்ரொய்டில் மெமரி கார்ட் போட்டிருந்தால் கழற்றி வாசிக்க ஒரு நிமிடம். அது வழக்கமாகக் குறியாக்கம் ஆவதில்லை, அழித்த படமும் மேலே வேறொன்று எழுதப்படும் வரை மீட்கக்கூடியது. ஐபோனில் அழித்த படம் 30 நாள், கூகுள் போட்டோஸில் ஏற்றிய படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். கூகுளில் டைம்லைன் ஓனில் இருந்தால் நீங்கள் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பதை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

ஒன்றைக் கட்டாயம் குறிப்பில் போடுங்கள்: அழைப்பு வந்த பிறகு உட்கார்ந்து அழிக்காதீர்கள். அது சாட்சியத்தை அழித்ததாகத் திரும்பும், அழித்த நேரமும் போனிலேயே பதிவாகலாம். சுத்தம் என்பது சாதாரண நாளில் செய்கிற வேலை.

சாதாரண அழைப்பை எந்தச் செயலியும் மறைக்காது. சிம் அடையாள அட்டை இலக்கத்தில் பதிவாகி இருக்கிறது. யார் யாரை எப்போது அழைத்தார், எந்தக் கோபுரத்தின் கீழ் என்பது தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. சிக்னலில் மூன்று மாதம் கவனமாகப் பேசிவிட்டு, ஒரு நாள் இணைப்பு இல்லை என்று நேரே அழைத்தால் முடிந்தது.

இன்னொன்று: போகும்போது பழைய போன் ஒன்றை, ஒன்றுமே இல்லாமல், கொண்டுபோவது நல்லது.

பழையடெஸ்க்:

அந்தக் கடைசி வரியோடு நான் உடன்படவில்லை. புதுசாகத் துடைத்த போனைக் கொண்டுபோனால் முதல் கேள்வியே "மற்ற போன் எங்கே?" என்பதுதான். அவர்கள் இலக்கத்தைத் தெரிந்துதான் அழைத்திருக்கிறார்கள், அந்த சிம் எந்தப் போனில் ஓடுகிறது என்பதையும் எடுக்கலாம். பொய் சொல்ல வேண்டி வரும். அந்தப் பொய் வாக்குமூலத்தில் ஏறும். நாளாந்தம் பாவிக்கிற போனையே, வேண்டாதது சேராமல் வைத்திருப்பதுதான் சரி. துண்டில் போனைக் கொண்டுவரச் சொல்லி எழுதாவிட்டால் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம், அதில் பொய் ஏதும் இல்லை.

செய்தி மேசை செய்ய வேண்டியதை யாரும் சொல்லவில்லை. பிராந்தியச் செய்தியாளரில் முக்கால்வாசிப் பேருக்கு நியமனக் கடிதமே கிடையாது. பிரசுரமான செய்திக்கு இவ்வளவு என்று காசு, அதுவும் மூன்று மாதம் பிந்தி. விசாரணையில் "நீ எந்தப் பத்திரிகை?" என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. அதனால் பிரதம ஆசிரியரின் கடிதத்தாளில் ஒரு கடிதம் கையில் இருக்க வேண்டும்: எந்தத் திகதியிலிருந்து வேலை செய்கிறார், எந்த மாவட்டம், என்னென்ன விடயங்களை எழுதும்படி பணிக்கப்பட்டிருக்கிறார். அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அட்டையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்; காலாவதியான அட்டையோடு களத்துக்குப் போவது தேவையில்லாத பேச்சுக்கு இடம்.

உணர்வான செய்திக்குக் கடைசியாகத் தலைப்பு வைக்கிறவர் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ குளிரறையில் இருக்கிறார். விசாரணைக்குப் போகிறவர் ஊரில் இருக்கிறார். "முகாமுக்குள் மர்மம்!" என்று மேசை போட்ட தலைப்புக்கு ஊர்க்காரர் பதில் சொல்ல வேண்டி வந்த கதைகள் ஏராளம். செய்தியாளர் அனுப்பிய மூலப் பிரதியையும் அச்சான பிரதியையும் மேசை சேர்த்து வைத்திருக்க வேண்டும், தலைப்பு வைத்தது யார் என்ற குறிப்போடு. பெயர் போடுவதா "எமது செய்தியாளர்" என்று போடுவதா என்பதை எழுதியவரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

விசாரணைக்குப் போகிற அன்று மேசையில் ஒருவர் பொறுப்பு: உள்ளே போன நேரத்தைக் குறிப்பது, வெளியே வரவேண்டிய நேரத்தை முன்கூட்டியே பேசி வைப்பது, அந்த நேரம் தாண்டி ஒரு மணி நேரத்தில் சட்டத்தரணிக்கும் 1996 க்கும் அழைப்பது. உடனே செய்தியாகப் போடுவதா என்பதை முதல் நாளே பேசுங்கள். சிலருக்கு வெளிச்சம் பாதுகாப்பு. சில குடும்பங்களுக்கு அது கூடுதல் ஆபத்து.

வன்னிமேசை:

நன்றி. இரண்டு சந்தேகம். உள்ளே போனவரைக் கைது என்று வைத்துவிட்டால் வெளியில் இருக்கிற குடும்பம் முதல் இரண்டு மூன்று நாளில் என்ன செய்ய வேண்டும்? அடுத்தது, "தகவல் தந்தவர் யார்?" என்று கேட்டால் சொல்ல மறுக்க நமக்கு உரிமை உண்டா?

புதுக்கடைக்காரன்:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். மூலத்தை வெளியிடாமல் இருப்பது தொழில் ஒழுக்கம். பயங்கரவாதத் தடைச் சட்ட விசாரணையில் அது உங்களைக் காக்கும் என்று நம்ப வேண்டாம். அதன் 5 ஆம் பிரிவின்படி, ஒருவர் அந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் செய்தார் அல்லது செய்யத் தயாராகிறார் என்று தெரிந்தும் பொலிஸுக்கு அறிவிக்காமல் விடுவதே குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. அதனால் "எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்" என்பது மோசமான பதில். "அந்தச் செய்தி பகிரங்கமாக நடந்த நிகழ்வு பற்றியது, இன்ன திகதி இன்ன பத்திரிகையில் வந்தது, அதில் உள்ளதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை" என்பது, உண்மையாக இருந்தால், போதுமானது. தன்னைக் குற்றத்தில் மாட்டும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை வேறு, அது உண்டு.

கைது என்றால் மணிக்கூட்டைப் பாருங்கள். சாதாரண சட்டத்தில் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 72 மணி நேரம் வரை. அதற்குள் அமைச்சரின் தடுப்புக் காவல் உத்தரவு வந்துவிட்டால் ஒரு தடவைக்கு மூன்று மாதம் என்று நீளும்; உச்ச எல்லை முன்பு 18 மாதம், 2022 திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம். தடுத்து வைத்திருக்கும் இடத்துக்கு நீதவான் மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்தது. அந்த நாளில் அடி, காயம், மருந்து பற்றிச் சொல்ல வேண்டும் என்று குடும்பம் சொல்லி வைக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தில் கைது செய்தவர்கள் 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் (ஆணைக்குழுச் சட்டம், 1996 இன் 21, பிரிவு 28). அறிவித்தார்களா என்று குடும்பம் ஆணைக்குழுவிடமே கேட்கலாம். கைதுப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இடமும் நேரமும் சரியா என்று அங்கேயே வாசியுங்கள். காலை ஒன்பது மணிக்கு வரச்சொல்லி இருத்திவைத்து, மாலை ஏழு மணிக்குக் கைது என்று எழுதினால் பத்து மணி நேரம் கணக்கில் காணாமல் போகிறது. சட்டத்தரணியின் முதல் நாள் கடிதம் அங்கேதான் கைகொடுக்கும்.

அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதம்தான் காலம். உயர் நீதிமன்றத்தில் மட்டும், அதாவது கொழும்புக்கு வர வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணை நடக்கிற காலம் கணக்கில் வராது என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு இருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்தவர்களின் மனுக்கள் தள்ளுபடியாகியும் இருக்கின்றன: முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டு என்று நீதிமன்றம் கேட்டது. ஒரு மாதத்துக்குள்ளேயே மனுவைப் போட்டுவிடுங்கள்.

வேறு சட்டங்களையும் மறக்க வேண்டாம். 2007 இன் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம்) 3 ஆம் பிரிவில் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான். 2019 இல் எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக நான்கு மாதம் உள்ளே இருந்தது அதில்தான். கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தமிழ்க் கவிதைகளுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, 2021 டிசம்பரில் பிணை பெற்று, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். உங்கள் தமிழ்ச் செய்தியை அவர்கள் சிங்களத்தில்தான் வாசிப்பார்கள். சர்ச்சையாகும் என்று தெரிகிற கட்டுரைக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் பிரதி ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்தால் சட்டத்தரணிக்கு இரண்டு வாரம் மிச்சம்.

கிழக்குக்கரை:

படம் எடுக்கிறவர்களுக்கு மட்டும் சில வரி.

மூலப் படத்தைத் திருத்தாமல், பெயர் மாற்றாமல் வையுங்கள். "இது நீ செட் பண்ணி எடுத்தது" என்ற குற்றச்சாட்டுக்கு அடுத்தடுத்த இலக்கத்தில் உள்ள படங்கள்தான் பதில். இரண்டு கார்ட் போடும் கமெரா என்றால் இரண்டிலும் ஒரே நேரம் பதியட்டும். ஒன்று ஊரை விட்டு வேறு கையில் போகட்டும். வெளியிடுகிற பிரதியில் இட விபரத்தை நீக்குங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விபரம் போய்விடும், கோப்பாக அனுப்பினால் அப்படியே போகும். மேசை தரம் வேண்டும் என்று கோப்பாகக் கேட்கும், அங்கே கவனம்.

உறவினர் போராட்டத்தில் முகத்தை மறைக்கச் சொன்னால் மங்கலாக்க வேண்டாம், கறுப்பால் முழுசாக மூடுங்கள் அல்லது வெட்டுங்கள். கையில் பிடித்திருக்கும் படத்தில் உள்ள பெயரையும் பாருங்கள். தாயின் முகத்தை மூடிவிட்டு மகனின் பெயரை விட்டால் வீடு தெரிந்துவிடும்.

பூட்டுத்திறப்பு:

பழையடெஸ்க் சொன்னது சரி, வெற்றுப் போன் யோசனையைக் குறிப்பில் போட வேண்டாம்.

போனை எடுத்து வைத்துக்கொண்டால்: கொடுக்கும் முன் அணையுங்கள். *#06# அடித்தால் வரும் 15 இலக்க எண்ணை (போனின் தனி அடையாள எண், ஐ.எம்.இ.ஐ.) இன்றைக்கே வீட்டில் எழுதி வையுங்கள். பற்றுச்சீட்டில் அந்த எண், மாதிரி, சிம் இலக்கம், கார்ட் இருந்ததா, எடுத்த நேரம், எடுத்தவர் பெயர் எல்லாம் வரவேண்டும். உறையில் இட்டு முத்திரை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். செய்யாவிட்டால், கேட்டும் செய்யவில்லை என்று வாக்குமூலத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அன்று மாலையே வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, கூகுள் கணக்கில் அந்தப் போனை வெளியேற்றுங்கள். ஆனால் தூரத்திலிருந்து போனைத் துடைக்கும் கட்டளையைக் கொடுக்காதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். அதே இலக்கத்துக்குப் புது சிம் எடுத்து வட்ஸ்அப்பையும் சிக்னலையும் புதிதாகப் பதியுங்கள், இரண்டிலும் பின் (PIN) இலக்கம் போடுங்கள். இணைத்த கருவிகள் பட்டியலைத் திறந்து தெரியாததையும், பழைய அலுவலகக் கணினியையும் வெளியேற்றுங்கள். மூலங்களுக்குப் போன் கைமாறிய திகதியை மட்டும் சொல்லுங்கள்; அந்தத் திகதிக்குப் பிறகு அந்தப் போனிலிருந்து வந்த எதற்கும் பதில் போட வேண்டாம் என்று.

திரும்பக் கிடைத்தால் அதைத் திறந்து பாவிக்க வேண்டாம். அணைத்தபடியே வைத்து, வழக்கு இருந்தால் சட்டத்தரணியிடம் கொடுங்கள். சுயாதீனமாகப் பரிசோதிக்கக் கூடிய ஒரே சான்று அதுதான். துடைத்துவிட்டுப் பிள்ளைக்கு விளையாடக் கொடுத்தால் உள்ளே ஏதும் நிறுவினார்களா என்பது ஒருநாளும் தெரியவராது. புதுப் போன் வாங்கக் காசில்லை என்றால் மேசையிடம் கேளுங்கள், செய்தி அவர்களுக்குத்தானே போனது.